ஆராய்ச்சி மாணவர்க்கு ஈந்த அறக்கொடை

கல்விக்கு உதவுதல் நம்மவர்க்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு நெல் அளந்தோரும், ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தோரும், கல்லூரி மண்டபம் எழுவதற்குப் பொருள் ஈந்தோரும் நம் ஊர்களில் என்றும் இருந்து வந்துள்ளனர். ஆயினும் பிள்ளை பட்டம் பெற்றுவிட்டால் அவ்வுதவி அங்கேயே நின்றுவிடுவது வழக்கம். "இனி அவன் உழைப்பான், இனி அவனுக்கு என்ன குறை?" என்று ஊரார் மகிழ்ந்திருப்பர். பட்டம் பெற்றபின் மேலும் சில ஆண்டுகள் ஒரு சம்பளமுமின்றி ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்று அப்பிள்ளை சொன்னால், அச்சொல் வீட்டில் இடிபோல விழும். தந்தையின் கடனும் தங்கையரின் சீதனமும் அவனுடைய முதற் சம்பளத்தை நோக்கிக் காத்திருக்கின்றன அன்றோ?

நோயுற்றவனுக்கு மருந்து கொடுக்கும் வைத்தியனுக்கு அன்றைக்கே கூலி உண்டு. அந்நோய் ஏன் வருகின்றது, அதனை வராமற் காப்பது எங்ஙனம் என்று ஐந்தாறு ஆண்டுகள் எலியோடும் கண்ணாடிக் குழாயோடும் போராடுகின்றவனுக்குக் கூலி கொடுப்பார் யார்? ஓர் ஊரின் வறுமைக்குக் காரணம் யாதென்று வீடு வீடாகச் சென்று விசாரித்து எழுதுகின்றவனுக்குச் சோறு போடுவார் யார்? அவனாற் பயன்பெறப் போகின்றவர்கள் இன்னும் பிறவாத பிள்ளைகள். அவர்கள் இன்று வந்து கூலி கொடுக்கமாட்டார்கள். ஆகவே வேறு யாரேனும் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு கொடுத்தோர் யாவர், அக்கொடை என்ன செய்தது, எவ்விடத்தில் அது போதாமற் போயிற்று என்பவற்றைச் சரித்திரத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தில் விஞ்ஞான ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் கையிற் பொருளுள்ளோர் செய்த காரியமாகவே இருந்தது. இந்நிலையை மாற்றிய முதற் கொடைகளுள் ஒன்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1851-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் எல்லாச் செலவும் போக ஏறத்தாழ 1,86,000 பவுண் மிஞ்சிற்று. அப்பணத்தைப் பரிபாலிக்க நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவினர், நாற்பது ஆண்டுகளின் பின், 1891 முதல் விஞ்ஞான ஆராய்ச்சி மாணவர்க்குப் புலமைப்பரிசில் வழங்கத் தொடங்கினர். நியூசிலாந்தில் ஒரு கமக்கார வீட்டிற் பிறந்து, பின்னர் அணுவின் உள்ளமைப்பை உலகுக்கு உணர்த்திய ரதர்போர்ட் 1895-இல் கேம்பிரிட்ஜுக்கு வந்தது இப்பரிசிலினாலேயாம். அப்பரிசில் பெற்றவருள் ஹரியற் சிக் என்னும் பெண்மணியும் ஒருவர். அவரைப் பின்னர்க் காண்போம்.

நோயாராய்ச்சிக்கென்றே பெருங்கொடை ஒன்று 1909-இல் ஏற்பட்டது. தென்னாபிரிக்காவின் வைரத்தினாலும் பொன்னினாலும் பெருஞ்செல்வரான அல்பிரட் பெயிற் 1906-இற் காலமானார். அவருடைய தம்பி ஒற்றோ பெயிற் தமையனின் ஞாபகமாக 2,15,000 பவுணை ஒதுக்கி, அதன் வருவாயிலிருந்து வைத்திய ஆராய்ச்சி மாணவர்க்கு உதவிப்பணம் வழங்க ஏற்பாடு செய்தார். ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுண். பெருவாழ்வு வாழ அது போதாது. ஆனால் வாடகைக்கும் உணவுக்கும் அஞ்சாது ஆய்வுகூடத்தில் இருக்க அது போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொதுவாக இருந்தது. பெண்களுக்குப் பட்டமளிக்கக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அக்காலத்தில் இன்னும் இசையவில்லை என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஐடா ஸ்மெட்லி என்னும் இரசாயன அறிஞர் 1910 முதல் 1914 வரை இந்நிதியைப் பெற்று உழைத்தார். 1907-இற் பிரித்தானியப் பட்டதாரிப் பெண்கள் சம்மேளனத்தைத் தோற்றுவித்தவருள் அவரும் ஒருவர். அச்சம்மேளனம் பின்னர்த் தானே ஆராய்ச்சிப் பெண்களுக்கு உதவிப்பணம் வழங்கலாயிற்று. உதவி பெற்றவர் உதவுவோரும் ஆதல் கொடையின் சிறந்த பயன்களுள் ஒன்றாம்.

பெயிற்றின் கொடை ஒரு செல்வரின் பையிலிருந்து வந்தது. அதனை அடுத்து வந்ததோ ஏழைகளின் பையிலிருந்து வந்தது. 1911-இற் பிரித்தானியப் பாராளுமன்றம் தேசிய காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதன்படி ஆண் தொழிலாளி வாரந்தோறும் 4 பென்ஸும், எசமான் 3 பென்ஸும், அரசு 2 பென்ஸும் செலுத்தவேண்டும். நோயுற்ற காலத்தில் தொழிலாளிக்கு வைத்தியமும் பணமும் கிடைக்கும். அச்சட்டத்தில் ஒரு சிறிய பிரிவு உண்டு. காப்புறுதி செய்த ஒவ்வொருவரின் பேரிலும் ஆண்டுக்கு ஒரு பென்னி ஆராய்ச்சிக்கு ஒதுக்கலாம் என்பதே அது. ஒரு பென்னி எம்மாத்திரம்? ஆனாற் காப்புறுதி செய்தோர் ஒரு கோடிக்கு மேற்பட்டவர். ஆகவே ஆண்டுதோறும் ஏறத்தாழ 57,000 பவுண் சேர்ந்தது. சயரோகத்தை ஒழிக்கும் எண்ணத்தோடு தொடங்கிய இந்நிதியைப் பரிபாலிக்க 1913-இல் வைத்திய ஆராய்ச்சிக் குழு அமைந்தது. 1920-இல் அதுவே வைத்திய ஆராய்ச்சிக் கழகம் ஆயிற்று. சயரோகத்தோடு நில்லாமல் எல்லா நோய்களையும் ஆராயவேண்டுமென்று அக்குழுவினர் தொடக்கத்திலேயே முடிவு செய்தமை அவர்களின் தூரதிருஷ்டியைக் காட்டும்.

இவ்விரு கொடைகளும் ஒருங்கு கூடிப் பயன் தந்த ஒரு வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களின் ஏழைக் குழந்தைகளை றிக்கற்சு என்னும் என்பு மெலிவு நோய் வாட்டிற்று. கால்கள் வில்போல வளையும், நெஞ்சு ஒடுங்கும், நடக்கவேண்டிய வயதிற் குழந்தை தவழும். காரணம் யாதென்பதில் அறிஞர் பிரிந்து நின்றனர். உணவுக் குறை என்றனர் ஒரு சாரார். நல்ல காற்றும் வெளிச்சமும் ஓட்டமும் இல்லாமையே காரணம் என்றனர் கிளாஸ்கோ நகரத்து அறிஞர். ஒருவகைத் தொற்றுநோய் என்றாரும் உளர். 1914-இல் வைத்திய ஆராய்ச்சிக் குழு எட்வர்ட் மெலன்பி என்பாரிடம் இவ்வாராய்ச்சியை ஒப்படைத்தது. அவர் நாய்க்குட்டிகளுக்குப் பல்வேறு உணவு கொடுத்துப் பார்த்து, சில உணவுகளால் நோய் வருவதையும், கொட் மீனின் ஈரலெண்ணெய் அதனைத் தடுப்பதையும் கண்டார். ஆயினும் நாய்க்குட்டிக்குப் பொருந்துவது மனிதக் குழந்தைக்கும் பொருந்துமா என்ற வினா எஞ்சி நின்றது.

இங்கேதான் ஹரியற் சிக் வருகின்றார். 1905-இல் அவர் லண்டன் லிஸ்ரர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜென்னர் ஞாபக ஆராய்ச்சி உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தபோது, ஒரு பெண்ணை நியமிக்கும் மடமையைச் செய்யவேண்டா என்று அங்கிருந்த இருவர் தலைவரை மன்றாடினர். தலைவர் செவிகொடாது அவரை நியமித்தார். சிக் அம்மையார் அந்நிலையத்திற் பல பத்தாண்டுகள் உழைத்தார். கிருமிநாசினிகளின் ஆற்றலை அளக்கும் விதியொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

முதலாம் உலக யுத்தம் 1918-இல் முடிந்தபோது வியன்னா நகரம் பசியால் வாடிக் கிடந்தது. பாலும் நெய்யும் அரிதாயின. குழந்தைகளிடையே என்பு நோய் மலிந்தது. நேற்றுவரை பகைநாடாயிருந்த அந்நகருக்கு 1919-இல் லிஸ்ரர் நிலையமும் வைத்திய ஆராய்ச்சிக் குழுவும் சிக் அம்மையாரை அனுப்பின. அவரோடு உழைத்தவருள் எல்சி டலியெல் என்னும் அவுஸ்திரேலிய வைத்தியரும், ஹெலன் மக்கே என்னும் குழந்தை வைத்தியரும் இருந்தனர். இவ்விருவரும் பெயிற் நிதியைப் பெற்றவர்கள். வியன்னாச் சர்வகலாசாலையின் குழந்தை வைத்தியசாலைக்குத் தலைவராயிருந்த பேராசிரியர் பிர்கே, இந்நோய் தொற்றுநோய் என்று எண்ணியவர்; வந்தவர்களின் கொள்கையில் அவருக்கு நம்பிக்கையில்லை. எனினும் தம் வைத்தியசாலையின் கதவுகளை அவர்களுக்குத் திறந்துவிட்டார். தம் கருத்துக்கு மாறான ஆராய்ச்சிக்கு இடங்கொடுத்த அப்பெருந்தகைமை கற்றோர் யாவரும் போற்றத் தக்கது.

மூன்று ஆண்டுகள் அவர்கள் அக்குழந்தைகளைக் கண்ணுங் கருத்துமாகக் கவனித்தனர். உணவை நிறுத்துக் கொடுத்தனர். என்புகளை எக்ஸ்கதிர்ப் படமெடுத்துப் பார்த்தனர். குளிர்காலத்தில் வழக்கமான உணவுண்ட குழந்தைகள் பலருக்கு நோய் வந்தது. ஈரலெண்ணெய் சேர்த்து ஊட்டப்பட்டோர் தப்பினர். கோடை வந்து வெயில் எறித்ததும் புதிதாக நோய் தோன்றுவது நின்றது. நோயுற்றோரும் வெயிலிற் கிடத்தப்பட்டபோது, அல்லது இரசவிளக்கின் ஒளி படும்படி வைக்கப்பட்டபோது, குணமடைந்தனர். உணவென்றவரும் வெளிச்சமென்றவரும் ஆகிய இரு சாராரும் ஒவ்வொரு பாதியைக் கண்டிருந்தனர் என்பது தெளிவாயிற்று. இன்று நாம் விற்றமின் டி என வழங்கும் பொருளை உணவிலிருந்தும் பெறலாம், வெயிலினால் உடலே ஆக்கிக்கொள்ளவுங் கூடும் என்பதே அதன் விளக்கம். இவ்வாராய்ச்சி முழுவதும் 1923-இல் அறிக்கையாக வெளிவந்தது. விலைகூடிய மருந்து ஒன்றும் தேவையில்லை. ஒரு கரண்டி எண்ணெயும் வெயிலும் போதும். எத்தனை கோடிப் பிள்ளைகளின் கால்கள் இதனால் நேராயின! தொழிலாளி கொடுத்த பென்னி அவன் பிள்ளைக்கே திரும்பி வந்தது எனலாம்.

சிக் அம்மையார் 102 வயது வரை வாழ்ந்து 1977-இற் காலமானார். மக்கே அம்மையார் லண்டனுக்குத் திரும்பி, ஏழைக் குழந்தைகளின் இரத்தச்சோகையை ஆராய்ந்து, இரும்புச் சத்தின் குறைவே அதன் பெருங்காரணம் என்று நிறுவினார். 1934-இல் லண்டன் இராச வைத்தியர் கல்லூரியின் உறுப்பாளர் பதவிக்கு உயர்த்தப்பட்ட முதற் பெண்மணி அவரேயாவர்.

டலியெல் அம்மையாரின் கதை வேறு. சிட்னியில் 1881-இற் பிறந்த அவர், ஆசிரிய மாணவியாயிருந்து, பின்னர்ச் சர்வகலாசாலை புகுந்து வைத்தியப் பட்டம் பெற்றவர். 1912-இற் பெயிற் நிதிக்குத் தெரிவாகிய முதல் அவுஸ்திரேலியப் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. யுத்த காலத்திற் சேர்பியா, பிரான்ஸ், கிரேக்கம் ஆகிய நாடுகளிற் போர்வீரர்க்கு வைத்தியஞ் செய்தார். பின் வியன்னாவில் உழைத்தார். இத்தனை அநுபவத்தோடும் 1923-இல் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பினார். அங்கே அவருக்கு ஆராய்ச்சி செய்ய ஓர் இடங் கிடைக்கவில்லை! தனியாக வைத்தியம் பார்க்க முயன்றார், அதுவும் சித்திக்கவில்லை. 1924-இல் அரசாங்கப் பொதுச் சுகாதாரப் பகுதியில் உதவிக் கிருமியாய்வாளராகச் சேர்ந்து, இரத்தப் பரிசோதனையிலும் ஏனைய நாளாந்தக் கடமைகளிலும் தம் காலத்தைப் போக்கினார். 1948-இற் காலமானார். அக்கடமையும் மக்களுக்குப் பயன்பட்டதே. அதனைக் குறைவாகச் சொல்வதற்கில்லை. ஆனால் வியன்னாவில் விளங்கிய அவ்வறிவுக்கு அவர் தாய்நாட்டில் ஓர் ஆய்வுகூடம் கிடைத்திருந்தால் இன்னும் எவை விளைந்திருக்கும்? உதவிப்பணம் விதை போன்றது. முளைத்த நாற்றை நடுவதற்கு வயல் இல்லாவிடின் விதைத்தவன் உழைப்புப் பாதியே பயன்தரும். இதனைச் சரித்திரம் டலியெல் அம்மையாரின் வாழ்விற் காட்டுகின்றது.

இனி நம் அயல்நாட்டை நோக்குவோம். பாரத நாட்டின் தொழிலதிபர் ஜம்சட்ஜி டாட்டா 1892-இல் ஒரு நிதியை ஏற்படுத்தி, மேற்படிப்புக்காகப் பிறநாடு செல்லும் இந்திய மாணவர்க்குப் பணம் வழங்கினார். இது தானமன்று, கடன். கற்று வந்தவர் உழைத்துத் திருப்பிச் செலுத்தவேண்டும். அவ்வாறு திரும்பிய பணம் பின்வருவோர்க்கு உதவும். முதன்முதல் உதவி பெற்றவருள் பிரேனி காமா என்னும் பெண் வைத்தியரும் இருந்தார். கேரளத்தில் ஏழைக் குடியிற் பிறந்து, இந்நிதியின் துணையால் லண்டன் பொருளாதாரக் கல்லூரியிற் கற்று, 1997-இல் இந்திய ஜனாதிபதியான கே. ஆர். நாராயணனை அறியாதார் இலர்.

ஜம்சட்ஜியின் இளைய மகன் ரத்தன் டாட்டா செய்த காரியம் இன்னும் வியப்பைத் தருவது. 1912-இல் அவர் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்கு ஆண்டுக்கு 1,400 பவுண் கொடுத்து, வறுமைக்குக் காரணங்களை ஆராயும்படி ஒரு நிலையத்தை அமைப்பித்தார். ரோணி என்னும் புகழ்பெற்ற அறிஞர் அதன் தலைவராகி, இங்கிலாந்துத் தொழிலாளரின் கூலி நிலையை ஆராய்ந்தார். ஆளப்பட்ட நாட்டவர் ஒருவரின் பொருள், ஆண்ட நாட்டின் ஏழைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு உதவிற்று! மூத்த மகன் டொராப்ஜியின் மனைவி மெஹர்பாய் 1931-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரால் ஒரு தருமநிதி தோன்றிற்று. அதன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு, எந்நாட்டவராயினும் அந்நோயை ஆராய்வோர்க்கு உரியது. எஞ்சிய ஒரு பங்கு இந்தியாவில் நடைபெறும் ஆராய்ச்சிக்கு உரியது. தம் துயரத்தை உலகின் நன்மையாக மாற்றிய செயல் அது. சமூக சேவையை முறையாகக் கற்பிக்கும் கல்லூரியொன்றும் டொராப்ஜியின் பெயரால் 1936-இற் பம்பாயில் எழுந்தது.

அமெரிக்காவின் ரொக்பெல்லர் தாபனம் 1913-இல் ஏற்பட்டது. பல நாட்டு இளம் வைத்தியர்களைத் தெரிந்தெடுத்து மேற்பயிற்சிக்கு அனுப்புதல் அதன் பெரும்பணிகளுள் ஒன்றாயிற்று. லண்டனில் 1929-இல் திறக்கப்பட்ட சுகாதார, உஷ்ணவலய வைத்தியக் கல்லூரிக் கட்டடம் அத்தாபனத்தின் பணத்தால் எழுந்ததே. இலங்கையிலும் 1916 முதல் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையிலும், 1926-இற் களுத்துறையிற் தொடங்கிய சுகாதார நிலையத்திலும் அத்தாபனம் கைகொடுத்தது. அத்தகைய வேலைக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பதாற் பல நாட்டு வைத்தியரோடு இலங்கை வைத்தியரும் அதன் உதவிப்பணம் பெற்றுப் பிறநாடு சென்றனர்.

பெனிசிலின் மருந்தை நோயாளிக்குப் பயன்படச் செய்த புளோறி 1925-இல் இத்தாபனத்தின் உதவியோடு அமெரிக்கா சென்று பயின்றவர். அவருடைய துணைவர் ஹீற்லிக்கும் அவ்வுதவி 1939-இற் கிடைத்தது. கோபன்ஹேகன் செல்லவிருந்த அவர் யுத்தம் தொடங்கியதாற் போகமுடியாமல் ஒக்ஸ்போர்டிலேயே தங்கினார். பூஞ்சணத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டவர் அவரே. தடைப்பட்ட ஒரு பிரயாணம் உலகுக்கு நன்மையாய் முடிந்த விந்தை இது.

இங்கே ஒரு வினாவை மறைத்துவிடுதல் முறையன்று. இக்கொடைகளின் மூலதனம் எங்கிருந்து வந்தது? பெயிற்றின் வைரம் தோண்டப்பட்ட கிம்பர்லியில் ஆபிரிக்கத் தொழிலாளர் வேலிக்குட்பட்ட அடைப்புகளில் வைக்கப்பட்டிருந்தனர். ரொக்பெல்லரின் எண்ணெய்க் கம்பெனி ஏகபோகம் நடத்தியதென்று 1911-இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனைப் பிரித்துவிட்டது. அவருடைய தாபனத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் அங்கீகாரம் அளிக்க முன்வராமையால், நியூயோர்க் மாநிலத்தின் அங்கீகாரத்தையே அது பெற்றது. கொடுத்த கை நன்று செய்தது என்பதற்காக ஈட்டிய வழி நன்றாகிவிடாது. ஈட்டிய வழி தீது என்பதற்காக, குணமடைந்த குழந்தையின் கால் மீண்டும் வளையப்போவதுமில்லை. இரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்தலே சரித்திர மாணவனின் கடன். ஆயினும் ஒன்று சொல்லலாம். இக்கொடைகள் எல்லாவற்றுள்ளும் நெஞ்சறிய நிமிர்ந்து நிற்கத்தக்கது அந்த ஒரு பென்னியே. ஒருவர் இரக்கத்தை எதிர்பாராமல், எல்லாரும் சிறிது கொடுத்து, எல்லாரும் பெற்ற நன்மை அது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினைகள் சில. தொகை பெரிதாயிருத்தலினும் சில ஆண்டுகள் தவறாது வருதலே ஆராய்ச்சி மாணவனுக்கு வேண்டியது. ஆணென்றும் பெண்ணென்றும் பாராது கொடுத்த நிதியே அதிக பயன் கண்டது. கற்றவர் திரும்பி வரும்போது அவர்க்கு ஓர் இடம் காத்திருக்கவேண்டும். பெற்றவர் தாமும் பிறர்க்குக் கொடுக்கும் வழி அமைதல் வேண்டும்.

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி வழங்கப்பட்டு வருகின்றது. அதனால் ஏழையின் பிள்ளையும் சர்வகலாசாலை வாசலை மிதிக்கின்றான். ஆனால் முதற்பட்டத்துக்கு அப்பால் அவ்வழி ஒடுங்கிவிடுகின்றது. மேற்பட்டங்களுக்குக் கட்டணம் உண்டு; உதவியோ சிலர்க்கே கிட்டுகின்றது. நம் நாட்டுக்கென்று ஆராயவேண்டிய நோய்கள் இல்லையா? வடமத்திய மாகாணத்துக் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னும் முழுவதும் துணியப்படவில்லை. போரினால் உறுப்பிழந்தோர், துணையிழந்தோர் ஆகியோரின் நல்வாழ்வைப் பற்றி ஆழ்ந்து ஆராயவேண்டியவை பல. இவற்றைப் பிறநாட்டார் வந்து ஆராய்ந்து சொல்லட்டும் என்று நாம் இருந்துவிடலாமா?

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, பரிசு வழங்குகின்றன, மலர் வெளியிடுகின்றன. அவற்றோடு, அங்கத்தவர் ஒவ்வொருவரும் சந்தாவோடு ஒரு சிறு தொகையைத் தனியே கொடுத்து, பல ஊர்ச் சங்கங்கள் ஒன்றுகூடி, ஓராண்டுக்கு ஓர் ஆராய்ச்சி மாணவனுக்கேனும் மாணவிக்கேனும் உதவ முடியாதா? ஆண்டுக்கு ஒரு பென்னி கொடுத்த சுரங்கத் தொழிலாளியும் நெசவுத் தொழிலாளியும் நம்மினும் செல்வரல்லர். அவர்கள் செய்ததை நாமும் செய்யலாம். பட்டம் பெற்ற பிள்ளையை வரவேற்க மாலையோடு நிற்கும் ஊர், "மேலே படிக்கப் போகின்றாயா? போய்வா, வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்" என்று சொல்லும் ஊராகவும் ஆகுக!